'தழுவல்' என்ற சொல்லுக்குப் பின்னால்

கருவியில் மட்டும் ஒலித்த ஓர் இசைக்குப் பின்னாளில் பாட்டு எழுதப்பட்டால் இசையமைத்தவரின் பெயர் நிலைக்கிறது. அதைக் குரலுக்கு ஏற்றவாறு மாற்றியவரின் பெயர் 'தழுவல்' என்ற சொல்லுக்குப் பின்னால் சிறிய எழுத்தில் ஒதுங்கிவிடுகிறது. போலின் வியார்தோவை (1821–1910) நான் தேடிப் படித்தது அந்தச் சொல்லால்தான்.

பாரிஸில், ஸ்பானிய இசைக் குடும்பத்தில் பிறந்தவர் போலின். லிஸ்ட்டிடம் பியானோ கற்றார். பியானோ கலைஞராகவே வாழ விரும்பினார். புகழ்பெற்ற பாடகியான அக்கா மரியா மலிப்ரான் 1836இல் இறந்தபின் தாய் அவரைப் பாட்டின் பக்கம் திருப்பினார். ஆனாலும் அவர் பியானோவை விட்டுவிடவில்லை. எழுத்தாளர் ழோர்ழ் சாண்டின் நோஆன் வீட்டில் தங்கிய கோடைகளில் ஷோப்பானுடன் சேர்ந்து இசைத்தார்.

போலந்து நடனத் தாளத்தில் ஷோப்பான் எழுதிய மசூர்காக்கள் பியானோவுக்கானவை. அவற்றில் பன்னிரண்டுக்கும் குறையாதவற்றைப் போலின் பாடல்களாக்கினார். விரல் தாண்டும் இடைவெளியையெல்லாம் தொண்டை தாண்டாது. பாடுபவருக்கு மூச்சுவிட இடம் வேண்டும். அதனால் சுருதியை மாற்றினார், அமைப்பைத் திருத்தினார், தன் குரல் அறிந்த அலங்காரங்களைச் சேர்த்தார்.

பிரெஞ்சு வரிகளை எழுதியவர் லூயி பொமே. தலைப்புகளைப் பாருங்கள்: 'பதினாறு வயது', 'சரசக்காரி', 'என்னைக் காதலி'. சொல் இல்லாதவரை அந்த இசை ஆணுமில்லை, பெண்ணுமில்லை. சொல் வந்ததும் அது காதலுக்கு ஏங்கும் இளம்பெண்ணாகிவிட்டது. அந்தப் பெண்ணை எழுதியவர் ஓர் ஆண். ஐரோப்பிய மேடைகளை ஆண்ட ஒரு பெண்ணின் அனுபவத்துக்கு அந்த வரிகளில் இடமில்லை. அது அலங்காரங்களில்தான் கேட்கிறது என்பேன்.

1848இல் லண்டனில் போலின் இவற்றைப் பாடினார். ஷோப்பானும் அப்போது அங்கே இருந்தார். தொடக்கத்தில் மகிழ்ந்த அவர், பிறகு ஒரு கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார்: நிகழ்ச்சி நிரலில் தன் பெயர் போய், திருமதி வியார்தோ அமைத்த மசூர்காக்கள் என்று மட்டும் இருக்கிறதாம். தன்னைப் பிடிக்காத ஒரு பத்திரிகைக்கு அவர் அஞ்சுகிறார், இதில் அற்பத்தனம் இருக்கிறது என்றும் எழுதினார்.

அவருடைய வருத்தம் நியாயமானதே, மெட்டு அவருடையது. ஆனால் இதே ஷோப்பான்தான் நல்ல பாடகர்களைக் கேளுங்கள், பியானோவைப் பாட வையுங்கள் என்று மாணவர்களிடம் வலியுறுத்தியவர். குரலிடமிருந்து பியானோ பெற்ற கடனுக்கு எந்த நிரலிலும் பெயர் போட்டதில்லை. ஒரு பெண்ணின் பெயர் தனியே அச்சானபோது மட்டும் அது அற்பத்தனமாகத் தெரிந்தது.

இரண்டு பெயர்களும் சம அளவு எழுத்தில் இருந்திருக்க வேண்டும். இசை படிக்கும் தோழியர் 'தழுவல்' என்ற சொல்லைக் காணும்போது மூலத்தையும் அதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எத்தனை முடிவுகளை ஒரு பெண் எடுத்திருக்கிறாள் என்பது அங்கே தெரியும்.