இறகு அசையாத மூச்சு

சீனாவின் தியான்ஜின் அருங்காட்சியகத்தில் ஒரு ஜேட் கல் இருக்கிறது. உயரம் 5 சென்டிமீட்டர் சொச்சம். 12 பட்டை, உள்ளே துளை. கைத்தடியின் தலையில் செருகும் பூணாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். பட்டைக்கு 3 எழுத்தாகச் செதுக்கி, சில எழுத்துகளை இரட்டித்துப் படிக்கக் குறியும் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 45 எழுத்து. மூச்சை வாங்கு, கீழே இறக்கு, அங்கே இறுகவிடு, பிறகு முளைபோல மேலே ஏறவிடு என்பதுதான் சாரம். காலம், போரிடும் நாடுகள் யுகம் (கி.மு. 475–221). தாவோ மார்க்கம் கோயிலும் குருமாரும் கொண்ட ஒரு மதமாக ஆவதற்கு வெகு முன்பே, மூச்சுப் பயிற்சி யாரோ ஒருவர் கைக்குள் உருண்டுகொண்டிருந்திருக்கிறது.

அந்தக் கல்லில் இல்லாத செய்முறையை எழுதிவைத்தவர் கோ ஹொங் (283–343). ரசவாதி, மருத்துவர், கடைசிக் காலத்தில் லுவோஃபு மலைவாசி. அவருடைய ‘பாவ்புட்ஸு’ நூலில் ‘கருமூச்சு’ வருகிறது. தாயின் வயிற்றில் இருக்கும் சிசு மூக்கும் வாயும் இல்லாமல் சுவாசிப்பதுபோல என்று கருத்து. மூக்கால் இழுத்து அடக்கி, மனசுக்குள் 120 வரை எண்ண வேண்டும். பிறகு வாய் வழியாக மெல்ல விட வேண்டும். உள்ளே போவதும் வெளியே வருவதும் தன் காதுக்கே கேட்கக் கூடாது. சோதனை என்னவென்றால், மூக்குக்கும் வாய்க்கும் நேரே ஒரு வாத்து இறகை வைத்துக்கொள்வது. மூச்சு விடும்போது அது அசையக் கூடாது. எண்ணிக்கை 1,000 வரை போனால் கிழவனும் நாளுக்கு நாள் இளமையாவான் என்கிறார்.

மொட்டைமாடியில் கிடைத்த புறா இறகை வைத்து நானும் பார்த்தேன். அடக்குவது பெரிதல்ல, விடுவதுதான் கஷ்டம். நாற்பதில் நெஞ்சு முட்ட, விட்ட மூச்சில் இறகு பக்கத்து வீட்டுக்கே போய்விட்டது. கோ ஹொங்கின் சின்னத் தாத்தா முறையானவரோ குடித்துவிட்டு வெயில் தாங்காமல் ஆழமான மடுவின் அடியில் போய்ப் படுத்து, ஒரு நாள் கழித்து ஏறிவருவாராம். கருமூச்சின் மகிமைக்கு இதையே சாட்சியாகச் சொல்கிறார். குடும்பப் பெருமையில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

பின்னால் வந்தவர்கள் முரட்டுத்தனமாக அடக்குவதை விட்டு, மூச்சைத் தானாக நுணுகவிடும் பக்கம் சாய்ந்தார்கள். வித்தை குருவிடமிருந்து சீடனுக்கு ரகசியமாகவே போயிற்று. பௌத்தத் தியானமும் அதில் கலந்தது.

1947இல் அது ஒரு கம்யூனிஸ்ட் ஊழியரிடம் வந்து சேர்ந்தது. லியூ குய்ஜென், ஹெபெய் மாகாணத்துக்காரர், வயது 27. வயிற்றுப்புண் முற்றி, ஆள் எலும்பும் தோலுமாகி, சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டவர். அங்கே லியூ துஷோ என்ற உறவுக்காரப் பெரியவர் இந்த மூச்சைக் கற்றுக்கொடுத்தார். 102 நாள் பயிற்சி. எழுந்து வேலைக்குத் திரும்பினார். குணமாக்கியது மூச்சா, அத்தனை நாள் கிடைத்த ஓய்வா என்று கேட்க எனக்கு ஆசைதான், மேலதிகாரிகள் கேட்கவில்லை. இதை மருத்துவமாக்கச் சொன்னார்கள்.

ஆக்குவதற்கு முன் வெளுக்க வேண்டியிருந்தது. பொன் டிராகனின் நகம் தியான அறையில் அமர்ந்திருப்பதாகச் சொல்லும் பழைய மந்திரம் போய், உடல்நலத்துக்காக உட்காருகிறேன் என்ற சாதாரண வாக்கியம் அந்த இடத்துக்கு வந்தது. தெய்வம், குரு, ரகசியம் எல்லாம் கழிந்தன. 1949இல் புதுப்பெயரும் வைத்தார்கள்: சிகோங். ஐம்பதுகளில் தாங்ஷானிலும் பெய்தாய்ஹே கடற்கரையிலும் சிகோங் மருத்துவமனைகள் எழுந்தன. 1957இல் லியூவின் நூல் வெளிவந்தது. பத்தாண்டுக்குள் காற்று திசை மாறியது. கலாச்சாரப் புரட்சியில் சிகோங் விஷக் களை. லியூ உடலுழைப்புக்கு அனுப்பப்பட்டார். 1980 வாக்கில் மறுபடி கௌரவம் வந்தது. 1983இல் இறந்தார்.

அவர் சொன்ன முறையில் இறகு இல்லை. நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொட மூச்சை இழுத்து, மனசுக்குள் முதல் எழுத்தைச் சொல்ல வேண்டும். மூச்சு போகும்போது நாக்கு இறங்கும், இரண்டாவது எழுத்து. பிறகு ஒரு நிறுத்தம். நம் பிராணாயாமத்துக் கும்பகம் மாதிரி, மூச்சு வெளியே போன பிறகு. அங்கே மூன்றாவது எழுத்து. மூன்றும் சேர்ந்தால் ‘நான் அமைதி’ என்பதுபோல ஏதாவது பொருள் வர வேண்டும். பழகப் பழக எழுத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஒன்பதுக்கு மேல் மட்டும் போகக் கூடாது.