திருத்தாமல் விட்ட பிழை: பெருந்தகட்டு கேமராக்களில் மென்குவிய லென்ஸ்கள்

ஒளிப்படக் கலையின் முதல் அரை நூற்றாண்டு, லென்ஸின் பிழைகளை ஒவ்வொன்றாகக் களைவதற்குக் கணித அறிஞர்களும் கண்ணாடி கடைவோரும் எடுத்த இடைவிடாத முயற்சியின் வரலாறாகும். அம்முயற்சி ஏறத்தாழ நிறைவெய்திய காலத்தில், அதாவது 1890களிலிருந்து, அதே பிழைகளை வேண்டுமென்றே லென்ஸுக்குள் இருத்திவைக்கும் ஒரு தொழில் லண்டன், பாரிஸ், பாஸ்டன், ராச்செஸ்டர் ஆகிய நகரங்களில் தழைக்கத் தொடங்கியது. அவ்வாறு உருவானவை சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ்கள். அவற்றைத் தமிழில் மென்குவிய லென்ஸ்கள் எனலாம். குவியம் தவறிய படத்தையும் மென்குவியப் படத்தையும் ஒன்றாகக் கருதுவது பொருந்தாது. குவியம் தவறிய படத்தில் எந்தக் கோடும் திருத்தமாக இராது. மென்குவிய லென்ஸ் தரும் படத்திலோ திருத்தமான கோடு உள்ளே இருக்க, அதைப் போர்த்தியதுபோல் மெல்லிய ஒளி படர்ந்திருக்கும். எவ்வளவு பிழையை நீக்குவது, எவ்வளவை விட்டுவைப்பது என்ற கணக்கே இந்த லென்ஸ்களின் வரலாறு.

விட்டுவைக்கப்பட்ட பிழைகளுள் முதன்மையானது கோளப்பிறழ்ச்சி. கோள வடிவில் தேய்க்கப்பட்ட கண்ணாடியின் விளிம்பு வழியே வரும் கதிர்கள், நடுப்பகுதி வழியே வரும் கதிர்களைக் காட்டிலும் மிகுதியாக வளைந்து, லென்ஸுக்குச் சற்று அருகிலேயே கூடிவிடுகின்றன. ஆகவே ஓர் ஒளிப்புள்ளி கேமராவின் ஒளியுணர் தகட்டில் புள்ளியாக மட்டும் விழாமல், கூர்மையான நடுவும் அதைச் சுற்றிய ஒளிவட்டமுமாகப் பதிகிறது. மற்றொன்று நிறப்பிறழ்ச்சி. நீல ஒளியும் மஞ்சள் ஒளியும் சிவப்பு ஒளியும் வெவ்வேறு தூரங்களில் குவிவதே அது. அக்காலத் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளிக்கே கூருணர்வு கொண்டிருந்தமையால், நிறப்பிறழ்ச்சி திருத்தப்படாத லென்ஸில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த இடம் ஒன்றாகவும், தகட்டில் தெளிவாகப் பதியும் இடம் வேறொன்றாகவும் இருந்தன. குவியத்தைச் சரிசெய்த பின்னர் லென்ஸைச் சிறிது நகர்த்திவைக்கும் பழக்கம் இதனால்தான் ஏற்பட்டது.

1840இல் வியன்னாவில் யோசப் பெட்ஸ்வால் கணக்கிட்டு வடிவமைத்து, ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் செய்து விற்ற உருவப்பட லென்ஸ், எஃப் 3.6 என்ற அகன்ற துளையால், அதற்கு முந்தைய லென்ஸ்களைவிடப் பல மடங்கு ஒளியைத் தகட்டுக்குக் கொண்டுவந்தது. முகத்தின் நடுப்பகுதியைக் கூர்மையாகவும் ஓரங்களைத் தளர்வாகவும் காட்டிய அந்த லென்ஸில் மென்மை ஒரு பக்கவிளைவாகவே இருந்தது. அதனைப் பயனர் தம் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் வழிசெய்தவர் லண்டனைச் சேர்ந்த ஜான் ஹென்றி டால்மேயர். 1866இல் காப்புரிமை பெற்ற அவருடைய உருவப்பட லென்ஸில், பின்புறக் கண்ணாடியைத் தாங்கிய வளையத்தைத் திருகித் தளர்த்தினால் கோளப்பிறழ்ச்சி சிறிது சிறிதாகக் கூடும். திருகி மூடினால் லென்ஸ் மீண்டும் கூர்மையடையும். ஒரு பிழையின் அளவைக் கைவிரல்களால் முடிவு செய்யும் வசதி இவ்வாறு வந்தது.

கொல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், 1863ஆம் ஆண்டின் இறுதியில், தம் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவுடன் படம் எடுக்கத் தொடங்கியதும் இக்காலத்திலேதான். அவர் கையாண்டது தனியாக வடிவமைக்கப்பட்ட மென்குவிய லென்ஸ் அன்று. பெரிய தகடு, அகன்ற துளை, நிமிடக்கணக்கில் நீண்ட ஒளிப்பதிவு நேரம் ஆகியவை சேர்ந்தே அவருடைய படங்களுக்கு மென்மையைத் தந்தன. குவியத்தைச் சரிசெய்யும்போது கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே நிறுத்திக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். தொழில்முறை ஒளிப்படக்காரர்கள் அதைத் திறமைக் குறைவாகக் கண்டனர். அடுத்த தலைமுறை அதைத் துணிவாகக் கண்டது. 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்த கேமரன், 1879இல் அங்கேயே இறக்கும்வரை, தமிழகத்திலிருந்து சென்ற உழைப்பாளர்கள் நிறைந்திருந்த காபித் தோட்டப் பகுதிகளில் வாழ்ந்து, தம்மைச் சுற்றியிருந்த மக்களையும் படமெடுத்தார்.

கேமரனின் உள்ளுணர்வுக்குக் கொள்கை வடிவம் தந்தவர்களில் பீட்டர் ஹென்றி எமர்சன் குறிப்பிடத்தக்கவர். மனிதக் கண் தான் நோக்கும் இடத்தை மட்டுமே தெளிவாகக் காண்கிறது என்றும், மூலைக்கு மூலை கூர்மையான படம் இயற்கைக்கு மாறானது என்றும் 1889இல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதிட்டார். பின்னர் அவரே தம் கருத்துகள் பலவற்றைக் கைவிட்டபோதிலும், வாதம் நிலைத்துவிட்டது. 1892இல் லண்டனில் தோன்றிய லிங்க்ட் ரிங் என்ற கழகமும், 1902இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் தொடங்கிய ஃபோட்டோ செசஷன் இயக்கமும் ஒளிப்படத்தை ஓவியத்துக்கு இணையான கலையாக நிலைநாட்ட முயன்றன. அதற்கேற்ற கருவிகளும் வந்தன. ஓவியரான பெர்காய்ம் வேண்டியபடி டால்மேயர் நிறுவனம் 1890களில் ஒரு லென்ஸைச் செய்தது. பிரான்சில் கான்ஸ்டன் பூயோவும் பூலினியும் பிறழ்ச்சி திருத்தாத லென்ஸ்களை ஆராய்ந்து, கலைஞருக்கான லென்ஸ்களைப் பற்றி 1906இல் ஒரு நூலே வெளியிட்டனர்.

அமெரிக்காவில் இத்தொழிலின் உயர்ந்த நிலை பாஸ்டன் நகரத்துக் கண்ணாடிக் கடை ஒன்றில் எட்டப்பட்டது. மூக்குக் கண்ணாடி செய்து விற்ற பிங்கம் அண்ட் ஸ்மித் கடையினர், ஃபிரெட் ஹாலண்ட் டே முதலிய ஒளிப்படக் கலைஞர்களுக்காக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செமி அக்ரோமாட்டிக் என்ற லென்ஸைச் செய்துகொடுத்தனர். நிறப்பிறழ்ச்சி பாதியளவே திருத்தப்பட்டது என்பதே அப்பெயரின் பொருள். அவர்களுடைய லென்ஸ்களின் பரப்பு கையாலேயே மெருகிட்டுத் திருத்தப்பட்டமையால், பிழையின் அளவு தொழிலாளியின் விரல்களில் இருந்தது. ஆல்வின் லாங்டன் கோபர்ன், கிளாரன்ஸ் வைட் போன்றோர் இவற்றைக் கையாண்டனர். வைட்டின் மாணவர் கார்ல் ஸ்ட்ரஸ் ஒரே ஒரு கண்ணாடியைக் கொண்ட எளிய லென்ஸைத் தம் பெயரிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னர் ஹாலிவுட்டுக்குச் சென்ற அவர், 1927இல் வெளியான சன்ரைஸ் திரைப்படத்துக்காக, சார்லஸ் ரோஷருடன் இணைந்து, ஒளிப்பதிவுக்கான முதல் ஆஸ்கார் விருதைப் பெற்றார்.

கலைக்கழகங்களுக்கு வெளியே, சாதாரண ஸ்டூடியோக்களுக்கும் மென்குவியத்தைக் கொண்டுசென்றது ராச்செஸ்டர் நகரத்து வோலன்சாக் நிறுவனத்தின் வெரிட்டோ லென்ஸ். எஃப் 4 என்ற முழுத் துளையில் ஒளிபடர்ந்த படத்தையும், எஃப் 8 அளவுக்குத் துளையைச் சுருக்கினால் ஏறத்தாழக் கூர்மையான படத்தையும் அது தந்தது. நீல ஒளிக்கு மட்டும் கூருணர்வு கொண்ட தகடுகள் முகத்தின் செம்மையையும் புள்ளிகளையும் கருமையாகப் பதிவு செய்ததால், நெகட்டிவின்மேல் பென்சிலால் மணிக்கணக்காகத் திருத்தவேண்டிய வேலை ஸ்டூடியோக்காரர்களுக்கு இருந்தது. அந்த உழைப்பில் பெரும்பகுதியைக் குறைத்த லென்ஸ் விரைவில் பரவியதில் வியப்பில்லை. ஓவிய அழகைத் தேடாதவர்களும் அதை வாங்கினர்.

இந்த லென்ஸ்கள் பெரிய தகட்டோடு பிணைந்திருந்தமைக்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அக்காலத்தில் 8×10 அங்குலத் தகடு, பெரும்பாலும் பெரிதாக்கப்படாமல், தாளோடு ஒட்டிவைத்து அதே அளவிலேயே அச்சிடப்பட்டது. எனவே லென்ஸ் தந்த ஒளிவட்டம் முகத்தோடு ஒப்பிடச் சிறிதாகவே நின்றது, உள்ளிருந்த கூர்மையும் மறையாமல் இருந்தது. சிறிய படச்சுருளைப் பலமடங்கு பெரிதாக்கும்போது ஒளிவட்டமும் உடன் பெருத்து, மென்மை வெறும் கலங்கலாகிவிடுகிறது. அச்சிடும்போது மென்மையைச் சேர்ப்பதும் ஈடாகாது. கேமராவில் ஏற்படும் படர்வில் வெளிச்சம் நிழலுக்குள் கசிகிறது. அச்சிடும்போது செய்தால் நிழலின் கருமை வெளிச்சத்துக்குள் கசிந்து, படம் சோபை இழக்கிறது.

தேய்த்த கண்ணாடித் திரையில் இத்தகைய லென்ஸைக் குவியப்படுத்துவது ஒரு தனித் திறமை. கருப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, உருப்பெருக்கியைத் திரையின்மேல் வைத்து, எதிரே அமர்ந்திருப்பவரின் கண்மணியில் மின்னும் ஒளித்துளியைப் பார்த்தபடி துருத்தியை முன்னும் பின்னும் நகர்த்தினால், கூர்மையான லென்ஸில் ஓரிடத்தில் உருவம் சட்டென்று நிலைகொள்ளும். மென்குவிய லென்ஸில் அப்படி ஓர் இடம் இல்லை. அந்த ஒளித்துளி சுற்றுவட்டத்தோடு விரிந்தும் சுருங்கியும் மிதக்கும். வட்டத்துக்குள் ஊசிமுனைபோன்ற நடுப்புள்ளி தோன்றும் நிலையைப் பழகிய கண்தான் கண்டுகொள்ளும். துளையைச் சுருக்கினால் குவியம் இடம் மாறுவதால், படமெடுக்கப்போகும் துளையிலேயே குவியத்தைச் சரிபார்க்கவேண்டும். ஒளியமைப்பும் வழக்கத்தைவிடச் சற்றுக் கடுமையாக இருத்தல் வேண்டும். தட்டையான ஒளியில் லென்ஸின் படர்வுக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இராது.

இக்கலையின் இறுதிப் பெரும் கருவி ஜெர்மனியிலிருந்து வந்தது. ஹைன்ரிஷ் கியூன் என்ற ஒளிப்படக் கலைஞரின் பல்லாண்டுச் சோதனைகளின் விளைவாக 1930களின் தொடக்கத்தில் ரோடன்ஸ்டாக் நிறுவனம் வெளியிட்ட இமாகான் லென்ஸில், நடுவில் பெரிய துளையும் அதைச் சுற்றிப் பல சிறு துளைகளும் கொண்ட சல்லடைத் தகடுகள் இருந்தன. நடுத்துளை கூர்மையான உருவத்தைத் தர, ஓரத்துளைகள் ஒளிப்படர்வைச் சேர்த்தன; தகட்டைத் திருகி ஓரத்துளைகளைச் சிறிதே திறக்கவோ முழுதும் மூடவோ இயன்றது. டால்மேயரின் வளையம் தொடங்கிவைத்த கணக்கு இங்கே மேலும் நுண்மையடைந்தது.

அந்நேரத்தில் காலத்தின் போக்கு மாறிவிட்டிருந்தது. மென்குவியப் பாணியில் பெயர் பெற்றிருந்த எட்வர்ட் வெஸ்டன் அதைக் கைவிட்டு, ஆன்சல் ஆடம்ஸ், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோருடன் சேர்ந்து 1932இல் எஃப் 64 என்ற குழுவை அமைத்தார். மிகச் சிறிய துளையைக் குறிக்கும் எண்ணைப் பெயராக ஏற்ற அக்குழு, முழுக் கூர்மையே ஒளிப்படத்தின் இயல்பு என்று அறிவித்தது. சிறிய கேமராக்களும் பரவின. பித்தளைக் குழாய்களில் அடங்கிய பழைய லென்ஸ்கள் ஸ்டூடியோ அலமாரிகளில் ஒதுங்கின.

இன்று பெருந்தகட்டு கேமராவைக் கையாளும் சிலர் அவற்றைத் தேடிப் பெறுகின்றனர். அவர்களின் வேட்கையை உணர்ந்த இங்கிலாந்தின் குக் நிறுவனம், பிங்கம் அண்ட் ஸ்மித்தின் பழைய லென்ஸ் ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு, பிஎஸ் 945 என்ற 229 மில்லிமீட்டர் லென்ஸை 4×5 அங்குல கேமராக்களுக்காக, 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. பாஸ்டன் கடையில் ஒரு தொழிலாளி விரல்நுனியால் விட்டுவைத்த பிழையின் அளவை, நூறாண்டு கழித்துக் கணிதத்தால் மீண்டும் அடையவேண்டியிருந்தது. அவர் அன்று செய்தது அறியாமையோ அலட்சியமோ அன்று, ஒரு முழுமையான கைத்திறன் என்பதற்கு இதனினும் உறுதியான சான்று வேண்டியதில்லை.