காதால் அளந்த கலவை
1955இல் சென்னையில் உருவாகத் தொடங்கிய புல்லட் 350 மோட்டார் சைக்கிளுக்கு, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வரும்வரை, கார்புரேட்டரின் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்தது பெரும்பாலும் மெக்கானிக்கின் காதுதான். இதைக் குருட்டுப் பழக்கம் என்று ஒதுக்குவோர் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. சூடான எஞ்சினில் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும், வெளியே திருகினால் குறையும். ஐடிலிங் சீராகி உச்சத்துக்கு ஏறும் இடத்தில் நிறுத்துவார்கள். ஓட்டி வந்தபின் ஸ்பார்க் பிளக்கின் நிறம் சாட்சி சொல்லும்: கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு, இளம்பழுப்பு சரி. ஊகித்து, சோதித்து, திருத்தும் முறை இது. வேறெதை அறிவியல் என்பது? ஆனாலும் அது ஓர் ஊருக்கான தீர்வு. சென்னையில் கச்சிதமான கலவை, காற்று மெலிந்த, 2,200 மீட்டருக்கு மேற்பட்ட ஊட்டியில் பெட்ரோல் மிகுந்து திணறும். விதிகள் புகையளவை இறுக்கியபோது ஒரே நிலையில் நிற்கும் திருகால் ஈடுகொடுக்க முடியவில்லை. சென்சாரைக் கேட்டு நொடிக்கு நொடி பெட்ரோலை அளக்கும் இன்ஜெக்‌ஷன் அந்த இடத்தைப் பிடித்தது.