சுருட்டுப் பெட்டியில் தொடங்கிய ஆய்வுக்கூடம்

எம்.இ. சிவில் சேரப் போகிற யாரைக் கேட்டாலும் பிரிவுகளை மளமளவென்று சொல்வார்கள்: ஸ்ட்ரக்சுரல், டிரான்ஸ்போர்ட்டேஷன், என்விரான்மென்டல், ஜியோடெக்னிக்கல். ஏதோ ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தது மாதிரி நமக்கு ஒரு நினைப்பு. கடைசியாகச் சொன்ன பிரிவைக் கட்டியெழுப்பியவர் சிவில் படித்தவரே இல்லை என்பதை எந்த கவுன்சலிங்கிலும் யாரும் சொல்ல மாட்டாங்க.

கார்ல் டெர்சாகி 1883-ல் பிராகில் பிறந்தவர். கிராஸ் நகரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தார். கட்டுமான வேலைக்குப் போனபோது ஒன்று அவரை உறுத்தியது. இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் கணக்கு இருந்தது. அடியில் இருக்கும் மண்ணுக்கு அனுபவமும் ஊகமும்தான். அணை சரியும், சுவர் சாயும், அப்புறம் காரணம் தேடுவாங்க. 1912-ல் அமெரிக்கா போய், அணை கட்டும் இடங்களாகச் சுற்றிக் குறிப்பு எடுத்தார். பார்த்ததையெல்லாம் சேர்த்தால் ஒரு விதி கிடைத்துவிடும் என்று நம்பிக்கை. ஒன்றும் கிடைக்கவில்லை. மனசு உடைஞ்சு திரும்பினார்.

1916-ல், அவருடைய பழைய பேராசிரியர் ஃபோர்ச்ஹைமர் மூலம் இஸ்தான்புல்லில் ஆசிரியர் வேலை அமைந்தது. 1918-ல் போரில் அவர் நாடு தோற்றதும் அந்த வேலையும் போனது. பாஸ்பரஸ் கரையில் அமெரிக்கர்கள் நடத்திய ராபர்ட் காலேஜில் இடம் கிடைத்தது. பணம் இல்லை, கருவி இல்லை. சுருட்டுப் பெட்டிகளையும் மற்றவர்கள் தூக்கிப் போட்ட சாமான்களையும் வைத்தே சோதனைக் கருவிகளைச் செய்துகொண்டார். இப்போது நாம் எழுதுற ஃபண்டிங் புரபோசல்களை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

அங்கே அவர் பிடித்தது இதுதான். பனீர் செய்யும்போது துணியில் கட்டி மேலே கல்லை வைப்போம் இல்லையா, தண்ணீர் மெல்ல மெல்ல வடியும். ஈரக் களிமண்ணும் அப்படித்தான். கட்டடத்தின் பாரத்தை முதலில் துளைகளில் இருக்கும் தண்ணீர் தாங்குகிறது. துளைகள் மிக நுண்ணியவை என்பதால் தண்ணீர் கசிய வருஷக்கணக்கில் ஆகும். அது வெளியேற வெளியேறத்தான் பாரம் மண் துகள்களுக்கு மாறுகிறது, கட்டடமும் இறங்குகிறது. களிமண் படிவம் இரு மடங்கு தடிமனாக இருந்தால் அதே அளவு அமுங்க நான்கு மடங்கு நேரம் ஆகும். 1923-ல் இதற்குச் சமன்பாடு எழுதினார். 1925-ல் புத்தகம் வந்தது. அதே ஆண்டு எம்.ஐ.டி. அவரை அழைத்தது.

சுவீடனில் அட்டர்பர்க் போன்றவர்கள் இதற்கு முன்பே களிமண்ணை ஆராய்ந்திருந்தார்கள், அதை மறக்கக் கூடாது. ஆனால் ஒரு மாணவர் போய்ச் சேர்ந்து படிக்கிற துறையாக அது ஆனது டெர்சாகிக்குப் பிறகுதான். எம்.ஐ.டி.யில் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் ஆர்தர் கேசகிராண்டே. சிவில் படித்த எல்லாருக்கும் இந்தப் பேர் தெரியும். பித்தளைக் கிண்ணத்தில் ஈர மண்ணைப் பூசி, நடுவில் கோடு கீறி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி 25 தட்டில் கோடு மூடுதா என்று எண்ணியிருப்போமே, அந்தக் கருவி அவருடையது. எண்ணிக்கையைத் தவறவிட்டுப் பக்கத்து டேபிளைப் பார்த்து எழுதினவங்களும் உண்டு. நான் உள்பட.

1932-ல் கேசகிராண்டே ஹார்வர்டுக்குப் போய்ப் பாடம் நடத்த ஆரம்பித்தார். 1938-ல் டெர்சாகியும் வியன்னாவை விட்டு அங்கே வந்துவிட்டார்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ரால்ஃப் பெக். 1937-ல் முனைவர் பட்டம் வாங்கி, பாலம் கட்டும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். பாலம்தான் அவர் கனவு. பொருளாதார மந்தத்தில் அடுத்த வருஷமே வேலை போச்சு. எங்காவது வாத்தியார் வேலை கிடைக்குமா என்று கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதினார். சிகாகோவிலிருந்த ஒரு கல்லூரி, சாயில் மெக்கானிக்ஸ் கற்றுக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றது. பிடித்துப் போனார் என்று சொல்ல முடியாது, வேறு வழியில்லாமல்தான் ஹார்வர்டுக்குப் போனார். டாக்டர் பட்டம் வாங்கியவர் மறுபடி மாணவராக உட்கார்ந்தார், ஆய்வுக்கூடத்தில் கேசகிராண்டேக்கு உதவினார்.

அந்த நேரத்தில் சிகாகோ, நகரத்துக்கு அடியில் மென்மையான களிமண்ணைக் குடைந்து சுரங்க ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தது. குடையக் குடையக் களிமண் உள்ளே பிதுங்கும், மேலே தெருவும் கட்டடங்களும் தாழும். ஆலோசகராக வர டெர்சாகி ஒரு நிபந்தனை வைத்தார்: களத்திலேயே ஒரு மண் ஆய்வுக்கூடம் வேண்டும், அதற்கு ஆள் நான் அனுப்புவேன். 1939 தொடக்கத்தில் பெக் போனார். சுரங்கத்தில் மண் எவ்வளவு நகருது, மேலே தெரு எவ்வளவு இறங்குது என்று அளந்து அளந்து டெர்சாகிக்கு அனுப்பினார். இஸ்தான்புல்லில் பெட்டிக்குள் பார்த்தது இப்போது ஒரு நகரத்தின் அளவில் நடந்துகொண்டிருந்தது.

1942-ல் பெக் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தினார். 1948-ல் டெர்சாகியோடு சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் இன்றும் நம்ம ஊர் லைப்ரரிகளில் இருக்கிறது. ஹார்வர்டில் அவர் பட்டம் எதுவும் வாங்கவில்லை. வாங்கிய முனைவர் பட்டத்தின் ஆய்வு தொங்கு பாலங்களைப் பற்றியது.