மூடிய ஆலையில் ஒரு சிற்பி

கலைஞனுக்கு மாளிகையில் இடங்கொடுத்து, அவன் கலையைத் தம் பெருமைக்கு அணியாக்கிக்கொண்ட புரவலர் பலரை வரலாறு அறியும். 1962ஆம் ஆண்டு இத்தாலியில் ஒரு சிற்பிக்குக் கிடைத்த இடமோ மூடப்பட்டதோர் உருக்காலை.

டேவிட் ஸ்மித் 1906இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திற் பிறந்தவர். 1925இல் ஸ்டூடிபேக்கர் மோட்டார்த் தொழிற்சாலையில் வேலைசெய்தார். இரண்டாம் உலகப்போரின்போது ஸ்கெனெக்டடி நகரில் யுத்த தாங்கிகளின் உருக்குத் தகடுகளைக் காய்ச்சி இணைத்தார். வயிற்றுக்காகக் கற்ற அத்தொழிலே அவருடைய சிற்பக்கலைக்கும் அடிப்படையாயிற்று.

ஸ்பொலேத்தோக் கலைவிழாவுக்கு ஓரிரு சிற்பங்கள் வேண்டுமென்றே அவரை அழைத்தனர். அரசுக்குரிய இத்தால்சீடர் உருக்குக் கம்பனி, ஜெனோவாவுக்கு அண்மையில் வோல்த்ரியிலிருந்த கைவிடப்பட்ட ஆலையையும் உதவிக்குத் தொழிலாளரையும் அளித்தது. முப்பது நாட்களில் 27 சிற்பங்கள் எழுந்தன!

இவ்வெண்ணிக்கையைக் கண்டு வியப்போர் உளர். நம்மை ஈர்ப்பது வேறொன்று. அவர் கையாண்டவை அவ்வாலையிற் கிடந்த பொருள்களே: குறடுகள், சக்கரங்கள், வெட்டி எறிந்த தகட்டுத் துண்டுகள். பலவற்றை உருமாற்றாது அப்படியே பொருத்தினார். ஆதலால் குறடு சிற்பத்துள் வந்தபின்னும் குறடாகவே தெரிகின்றது; அதைப் பிடித்த கை நம் நினைவுக்கு வருகின்றது. வேலைமேசையே சிற்பமாகிய படைப்பும் அவற்றுள் உண்டு. இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலுள்ள 'வோல்த்ரி 7' சக்கரங்கள் பூண்ட தேர் போன்றது. தெய்வமில்லாத் தேர் என்று சொல்லத் தோன்றுகிறது. இவற்றை ஸ்பொலேத்தோவில் உரோமர் காலத்துக் கல்லரங்கின் படிகளிலே நிறுத்தினர்.

இதனை வகுப்பிற் சொன்னபோது மாணவரொருவர் எழுந்தார். "ஆலை மூடப்படுவது தொழிலாளிக்குத் துயரம். அதன் குப்பையிற் சிற்பம் செய்வது யாருக்கு இன்பம், ஐயா?"

கேள்வி நியாயமானது. கம்பனி தன் பெயர் விளங்கவே இவ்வுதவி புரிந்தது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. சிற்பம் எதுவும் உலையை மீண்டும் மூட்டிவிடாது. ஆயினும், பழைய ஆலையை வேடிக்கை பார்க்க வந்த கனவான் அல்லர் ஸ்மித். கூலிக்கு இரும்பை இணைத்தவர். குறட்டின் தேய்மானம் எதைச் சொல்கிறதென்பதை அறிந்தவர். தம்மோடு உழைத்த இத்தாலியத் தொழிலாளரைப் பற்றி மதிப்போடு எழுதியும் வைத்தார். பளிங்கையும் வெண்கலத்தையுமே கலைக்குரியனவாகக் கருதிய கண்களுக்கு முன், தொழிலாளியின் கருவியை அதன் சொந்த உருவிலேயே நிறுத்தியமை சிறு காரியமன்று.

மிஞ்சிய கருவிகளையும் இரும்பையும் தாம் வாழ்ந்த போல்ற்றன் லாண்டிங்குக்கு அனுப்புவித்து, 1963 வரையில் அவற்றால் வேறொரு வரிசைச் சிற்பங்களைச் செய்தார். 1965இல் வாகன விபத்தொன்றில் இறந்தார். வோல்த்ரித் தொழிலாளர் கைபட்ட இரும்பு அந்த வரிசையிலும் இருக்கின்றது.