பொருதகரின் தலைக்குள்

தலையில் அடிபட்டவரை ஓசூரிலிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸுக்குக் கொண்டு விரைவது எங்கள் பக்கத்து வழக்கம். அடியின் கணக்கு அன்றோடு முடிவதில்லை. குத்துச்சண்டையில் திரும்பத் திரும்ப அடி வாங்கியவர் பின்னாளில் தடுமாறுவதை 1928இல் அமெரிக்க நோயியலாளர் மார்ட்லாண்ட் எழுதினார். 1941இல் ஆக்ஸ்போர்டில் டென்னி-பிரவுனும் ரஸ்ஸலும் விலங்குகளில் சோதித்தனர்: அசையாமல் பிடித்த தலை அடியைத் தாங்கியது, அசையவிட்ட தலை நினைவிழந்தது.

முட்டுவதற்கே பிறந்த விலங்கும் தப்பவில்லை. 2022இல் கஸ்தூரி எருதின் மூளையிலும் சிதைவின் தடயம் தெரிந்தது. பின்வாங்கிப் பாயும் வள்ளுவரின் பொருதகரை இனி இரக்கமின்றி வாசிக்க இயலாது.

ஆனால் ஆய்வக எலியின் மூளையில் மடிப்புகள் இல்லை; ஆயுளும் இரண்டு மூன்று ஆண்டுகளே. மனிதருக்கோ நோய் வெளிப்படப் பல்லாண்டுகள் ஆகும். எஞ்சிய கேள்விக்கு இறந்தோர் ஈயும் மூளையே விடை. அக்கொடையை ஏற்கும் மூளை வங்கி 1995இல் நிம்ஹான்ஸில் தொடங்கியது.