விளாவும் குழாய்

கொதிக்கும் வெந்நீரில் குளிர்ந்த நீரைக் கலந்து உடலுக்கு இதமான பதத்துக்குக் கொண்டுவரும் செயலுக்கு ‘விளாவுதல்’ என்று தமிழில் தனியே ஒரு சொல் இருக்கிறது. தவலையிலிருந்து வெந்நீரை மொண்டு வாளியில் ஊற்றி, அதன்மேல் தண்ணீரைச் சொரிந்து, உள்ளங்கையை விட்டுத் துழாவிப் பதம் பார்த்த பிறகே குழந்தையின் மேல் ஊற்றச் சம்மதிக்கும் பாட்டியை அறியாத குடும்பம் நம்மிடையே அரிது. அச்செயலில் ஒரு கிரமம் உண்டு: முதலில் கலத்தல், அடுத்துச் சோதித்தல், கடைசியில் உபயோகித்தல். நீர் பாத்திரத்தில் அசையாமல் நின்றபடியால் அந்தக் கிரமத்துக்கு அவகாசமும் இருந்தது. வெந்நீரும் தண்ணீரும் இரு குழாய்களின் வழியே ஓடிவரத் தொடங்கியபோது அந்த அவகாசம் பறிபோயிற்று. அதைத் திரும்பப் பெறுவதற்கு மேனாட்டார் செய்த நீண்ட பிரயத்தனமே, இன்று சமையலறைத் தொட்டியின்மேல் ஒற்றைக் கைப்பிடியோடு நிற்கும் குழாயின் சரித்திரம்.

குழாயைத் திறந்து மூடும் கருவி மிகப் புராதனமானது. எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பாம்ப்பேயி நகரத்தில் ரோமானியர் உபயோகித்த வெண்கலத் திருகுகள் கிடைத்திருக்கின்றன. துளையிட்ட ஒரு முளையை ஒரு கூட்டினுள் பொருத்தி, கால் சுற்றுத் திருப்பினால் துளை நீரின் வழியோடு நேர்ப்பட்டு நீர் பாயும்படியும், மேலும் கால் சுற்றுத் திருப்பினால் வழி அடைபடும்படியும் அவர்கள் அமைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நகரங்களில் அழுத்தம் மிகுந்த நீர்க்குழாய்கள் பரவலானபோது, சட்டென்று மூடும் இந்த முளை குழாய்வழியை அதிரச் செய்தது. அதற்குப் பரிகாரமாக, மரையில் மெல்லச் சுழன்று இறங்கி, ஒரு வட்டத் தகட்டை நீர்வாயின்மேல் அழுத்தி மூடும் திருகுக் குழாய், ராதர்ஹாம் நகரத்து கெஸ்ட் அண்டு கிரைம்ஸ் என்னும் பித்தளைப் பட்டறையிலிருந்து 1845ஆம் ஆண்டையொட்டி வெளிவந்தது. அந்தத் தகட்டின் வம்சத்தில் வந்ததுதான், தேய்ந்து போனால் நாம் கடைக்குப் போய் வாங்கிவரும் வாஷர்.

இக்குழாய்கள் எல்லாம் நீரின் அளவு என்ற ஒரே விஷயத்தை மட்டும் அறிந்திருந்தன. உஷ்ணம் என்ற இரண்டாவது விஷயத்தை அவை அறிய வேண்டிய அவசியமும் அதுவரை எழவில்லை. 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவியை அமைத்தார்; 1889இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், நார்வேயில் பிறந்த எட்வின் ரூட், வெந்நீரைச் சேமித்து வைத்துத் தானே இயங்கும் கொதிகலனை உருவாக்கினார். அதன்பின் வசதி படைத்த வீடுகளில் ஒன்றுக்கு இரண்டாகக் குழாய்கள் வந்து சேர்ந்தன.

இங்கிலாந்தில் தண்ணீர் நகரக் குழாயிலிருந்து நேரே மிகுந்த அழுத்தத்தோடு வந்தது. வெந்நீரோ கூரையடித் தொட்டியிலிருந்து இறங்கிக் குறைந்த அழுத்தத்தோடு வந்தது. தொட்டியில் தங்கிய நீர் குடிநீரோடு கலந்துவிடலாகாது என்ற கவலையினால் அங்கே இரண்டையும் வெவ்வேறு வாய்களாகவே நெடுங்காலம் வைத்திருந்தார்கள். கை கழுவுகிறவர் வடிவாயை அடைத்து, கிண்ணத்தில் இரண்டையும் நிரப்பி, நம் பாட்டிமார்களைப் போலவே விளாவிக்கொண்டார். அமெரிக்காவிலோ இரண்டு திருகுகளும் ஒரே மூக்கில் வந்து சேரும் குழாய் பெருவழக்காயிற்று. கலக்கும் இடம் பாத்திரத்திலிருந்து குழாய்க்குள் சென்றது. ஆனால் கலக்கும் வேலை மட்டும் மனிதன் கையிலேயே நின்றது. வெந்நீரைச் சற்றுக் கூட்டினால் சூடு மட்டுமன்றி நீரின் அளவும் கூடும். அளவைக் குறைக்க நினைத்து ஒரு திருகைத் தளர்த்தினால் சூடும் மாறிவிடும். ஆகவே ஒன்றைச் சரிசெய்யப் புகுந்தவன் மற்றொன்றைக் கெடுத்து, இரண்டு கைகளாலும் மாறி மாறித் திருகிக்கொண்டிருக்க நேர்ந்தது.

இந்தச் சங்கடம் எத்தனையோ பேருக்கு நேர்ந்திருக்கும். அதைச் சிந்தனைக்கு உரியதாக எடுத்துக்கொண்டவர் சியாட்டில் நகரத்து இளைஞர் ஒருவர். வாஷிங்டன் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டே படிப்புச் செலவுக்காக மோட்டார் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் மோயென், 1937ஆம் ஆண்டில் ஒருநாள் வேலை முடிந்து கைகளைக் கழுவப் போனார். இரு திருகுக் குழாயைத் திறந்தவுடன் எதிர்பாராமல் கொதிநீர் பாய்ந்து கையைச் சுட்டது. வலி ஆறியபின்னும் அந்த விஷயம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. திறக்கும்போதே இதமான சூட்டில் நீர் வரும்படி ஒரு குழாய் ஏன் இருக்கலாகாது என்று அவர் யோசிக்கலானார்.

அவருடைய முதற் கற்பனை பழைய முறையை ஒட்டியதாகவே இருந்தது: இரண்டு அடைப்புகளையும் ஒரே கைப்பிடியால் இயக்க முயன்றார். அது தேறாது என்று கண்டபின், ஓர் உருளையும் அதனுள் இயங்கும் தண்டுமாக வேறோர் அமைப்பை வகுத்தார். 1940க்கும் 1945க்கும் இடையே பல மாதிரிகளை வரைந்து திருத்தினார். யுத்த காலத்தில் பித்தளை கிடைப்பது அரிதாயிருந்தபடியால் உற்பத்திக்கு வழியில்லாமல் போயிற்று. சமாதானம் திரும்பியபின் சியாட்டிலின் ரவென்னா மெட்டல் புராடக்ட்ஸ் என்ற நிறுவனம் அதைச் செய்ய முன்வந்தது. 1947இல் முதல் ஒற்றைக் கைப்பிடிக் குழாய்கள் சான் பிரான்சிஸ்கோவில் விலைபோயின. 1956இல் சிகாகோவின் ஸ்டாண்டர்டு ஸ்குரூ நிறுவனம் ரவென்னாவை வாங்கியது. 1959இல் ஃபார்ச்சூன் பத்திரிகை வெளியிட்ட, நவீன காலத்தில் பெருவாரியாக உற்பத்தியாகும் பொருள்களுள் சிறந்த வடிவமைப்பு உடைய நூறின் வரிசையில் மோயெனின் குழாயும் இடம்பெற்றது.

அந்தக் குழாயின் பெருமை கைப்பிடி இரண்டு ஒன்றாய்க் குறைந்ததில் அடங்கியதென்று எண்ணுவது மேலெழுந்தவாரியான பார்வை. பழைய குழாயில் ஒவ்வொரு கைப்பிடியும் அளவையும் உஷ்ணத்தையும் சேர்த்தே மாற்றியது. மோயெனோ அவ்விரு விருப்பங்களையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியே ஓர் அசைவை நியமித்தார்: தூக்கி இறக்கினால் அளவு, இடமும் வலமும் திருப்பினால் உஷ்ணம். சூட்டை ஒருமுறை நிச்சயித்துவிட்டால், நீரைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது பெரும்பாலும் மாறாது. நீர் மூக்கை அடையுமுன்னே விளாவும் வேலை தண்டுக்குள் நிறைவேறிவிடுகிறது. சூட்சுமம் முழுவதும் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

அதே இலக்கை வேறொரு வழியில் அடைந்த கதை டெட்ராய்ட் நகரத்தைச் சேர்ந்தது. ஸ்மிர்னாவுக்கு அருகில் 1901இல் பிறந்த ஆர்மீனியரான அலெக்ஸ் மனூகியன், 1920இல் அமெரிக்காவை அடைந்து, 1929இல் மாஸ்கோ ஸ்குரூ புராடக்ட்ஸ் என்ற சிறு தொழிலைத் தொடங்கியவர். கலிபோர்னியாவின் லாண்டிஸ் பெரி என்பவர், துளைகள் கொண்ட ஓர் உலோகப் பந்தை வில்கம்பி தாங்கிய இரு ரப்பர் இருக்கைகளின்மேல் உருளச் செய்து நீரைக் கலக்கும் முறையைக் கண்டிருந்தார். அதன் உரிமையை மனூகியன் பெற்று, குறைகளைக் களைந்து, 1954இல் டெல்டா என்ற பெயரால் விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழாயினுள் இருந்த முக்கோண வடிவம் கிரேக்க எழுத்தை ஒத்திருந்ததே அப்பெயருக்குக் காரணம். 1970களில் பீங்கான் தட்டு வந்தது: கண்ணாடிபோல் மெருகேற்றிய இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, துளைகளைத் திறந்து மூடின. 1984இல் ஜெர்மனியின் ஹான்ஸ்குரோஹே, சமையலறைக் குழாயின் மூக்கையே நெகிழ்குழலோடு வெளியே இழுக்கும்படி செய்தது.

குழாய் வாங்கப் புகுகிற கிரகஸ்தருக்கு இந்தச் சரித்திரம் நேரடியாகவே உதவும்; ஏனெனில் ஒவ்வொரு முறையும் தன் பிறப்போடு ஒரு பலவீனத்தையும் கொண்டு வந்திருக்கிறது. பந்துக் குழாய் கசியத் தொடங்கினால் ரப்பர் இருக்கைகளையும் வில்கம்பிகளையும் மாற்றினாற் போதும். மோயென் வகைக் குழாயில் தண்டு இயங்கும் உருளை, அதாவது கார்ட்ரிட்ஜ், பழுதுபட்டால் அதை முழுதாகவே எடுத்துவிட்டு, பழையதைக் கையோடு கொண்டுபோய் அதே அளவில் புதியது வாங்க வேண்டும். ஆகவே பிற்காலத்திலும் உதிரி கிடைக்கக்கூடிய குழாயாகத் தெரிந்தெடுப்பது விவேகம். பீங்கான் தட்டு நெடுநாள் உழைக்கும்; ஆனால் மணலும் துருவும் அதன் சத்துருக்கள். குழாயைப் பொருத்துமுன் நீர்வழிகளைத் திறந்துவிட்டு நன்றாக அலசுதல் வேண்டும். நீர் நின்று மீண்டும் வரும்போது, கைப்பிடியைத் திறந்தபடி வைத்துவிட்டு, கீழேயுள்ள அடைப்பானை மெல்லத் திறந்தால், முன்னே பாயும் காற்று தட்டைப் பிளக்காமல் வெளியேறும். மூன்று துளைகள் கொண்ட பழைய தொட்டியில் ஒற்றைக் குழாயை வைக்கும்போது எஞ்சிய துளைகளை மறைக்க அடித்தகடு வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

உலோகத்தைப் பற்றிய கவலையும் நியாயமானதே. பித்தளையைக் கடைவதற்கு எளிதாக்கச் சிறிது ஈயம் சேர்ப்பது பழைய வழக்கம். அமெரிக்கச் சட்டம் 1986இல் நீர்ச் சாதனங்களுக்கு எட்டு சதவீதம் வரை அதை அனுமதித்தது. 2014 ஜனவரி முதல், நீர் படும் பரப்புகளில் சராசரி 0.25 சதவீதத்துக்கு மேல் கூடாதென்று இறுக்கியது. வெந்நீர் ஈயத்தை அதிகமாகக் கரைக்கும் தன்மையது. ஆதலால் குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர்ப் பக்கத்திலிருந்தே பிடித்து அடுப்பில் காய்ச்சுவது நலம். நீரைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு 1992ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டத்தை ஒட்டி எழுந்த விதி, நிமிஷத்துக்கு 2.2 காலன், அதாவது சுமார் 8.3 லிட்டர், என்று பாய்ச்சலுக்கு வரம்பு கட்டியது.

உபயோகிப்பவர் கைக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்றும் உண்டு. கைப்பிடியை நடுவில் வைத்தே திறந்து மூடுவது பலருக்கு இயல்பாகிவிடுகிறது; அப்போது ஒரு தம்ளர் கழுவும் சிறு பொழுதிலும் கொதிகலனிலிருந்து வெந்நீர் புறப்பட்டு, குழாயை வந்தடையாமலே வழியில் ஆறி வீணாகிறது. மற்றொருவர் வெந்நீர்ப் பக்கத்திலேயே விட்டுச் சென்றால், அடுத்து அதைத் தூக்குகிற கைக்கு எச்சரிக்கை எதுவும் கிட்டாது. மோயெனின் குழாய் எவ்வளவு நுட்பமாக விளாவித் தந்தாலும், பதம் பார்க்கும் பொறுப்பை அது ஏற்றுக்கொள்ளவில்லை. அப்பொறுப்பு இன்னும் நம்மிடமே இருக்கிறது. ஆகையால் வேலை முடிந்தபின் கைப்பிடியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி வைத்து மூடுவோமாக. அடுத்து வரும் கை ஒரு குழந்தையுடையதாக இருக்கலாம்.